ளகரத்தின் கீழ் ஒரு புள்ளி

2019இல் அவ்வா இறந்த பிறகு நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும். அட்டை போய்விட்டது. ஓரமெல்லாம் எண்ணெய், விபூதி. உள்ளே முழுக்கத் திருப்புகழ். முழுக்கத் தெலுங்கு எழுத்து. எனக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது.

திருத்தணியில் இது விநோதமில்லை. அவள் பிறந்தபோது ஊர் சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. 1953இல் ஆந்திரத்தோடு போயிற்று. ம.பொ.சி. முதலியோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அவள் எங்கும் போகவில்லை. ஐந்தாவது வரை தெலுங்கில் படித்தாள். அடுப்படியில் தெலுங்கு, கடைவீதியில் தமிழ். சாமிக்கும் தமிழ்.

டிசம்பர் 31 படித்திருவிழா. புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கும்பிடப் போகும் ஜனங்களைத் தணிகை முருகனிடம் திருப்பிவிட, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917இல் தொடங்கி வைத்தது. அவர் மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். மலைக்கு 365 படிகள். படிக்கு ஒரு கற்பூரம், ஒரு திருப்புகழ். பஜனைக் கோஷ்டியில் கேட்டுக் கேட்டு எழுதிய நோட்டுடன் அவ்வா வருஷம் தவறாமல் ஏறினாள்.

எனக்குப் பத்து வயதில், ஒரு கார்த்திகை மாதம், என் பெரியப்பா மஞ்சள் காமாலையில் போனார். அவளுடைய மூத்த பிள்ளை. சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. அவள் ஏறவில்லை. அன்று விடிகாலையில் திண்ணையில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள். நோட்டில் இருந்தது அறுபது சொச்சம் பாட்டுத்தான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பாட்டுக்கொரு புளியங்கொட்டை போட்டு எண்ணுவது என் வேலை. அழுதாளா என்றால், இல்லை. ராத்திரி எண்ணிப் பார்த்தேன். 363.

“ரெண்டு குறையுது அவ்வா.”

நடுவில் நான் தூங்கியிருக்கிறேன். அவளுக்கும் அது தெரியும். ஒன்றும் சொல்லாமல் இன்னும் இரண்டு பாடினாள்.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது எனக்கு வேறு கணக்கு வந்துவிட்டது. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் அர்த்தத்தை நான்காகப் பிரித்திருப்பதைப் புதிதாகப் படித்த மிதப்பில் கேட்டேன்: “அர்த்தம் தெரியாமப் பாடறியே, அதுல என்ன இருக்கு?”

அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. “தெரிஞ்ச மட்டும் தெரியும் நாயனா.”

தோல்வியை ஒப்புக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பக்தி, சப்தத்தில் மயங்கிப் பிரதியைக் கைவிடுகிறது என்று பிறகு ஒரு கட்டுரைகூட எழுதினேன். மனதில் இருந்தது அவள்தான்.

போன வருஷம் நோட்டை வங்கிக்கு எடுத்துப்போனேன். புத்தூரிலிருந்து வரும் சக ஊழியர் ஒருவர் மதிய இடைவேளையில் வாசித்தார். அவருக்குத் தமிழ் அரைகுறை. தெலுங்கில் ககரத்தின் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி எழுத்து. காதில் விழுந்தபடி எழுதியாக வேண்டும். தமிழ் அச்சுப் புத்தகத்தில் இல்லாத அவள் உச்சரிப்பு அந்த எழுத்துகளில் அப்படியே இருந்தது. அர்த்தம் தெரியாத ஒருவர் வாயிலிருந்து அதைக் கேட்டேன்.

ஓரிடத்தில் நிறுத்தி, “இங்கே மை சிந்தியிருக்கு” என்றார். ளகரத்தின் கீழ் ஒரு புள்ளி. அடுத்த வரியிலும் ஒன்று. இன்றைய தெலுங்கில் ழகரத்துக்கு எழுத்துக் கிடையாது. ளகரத்தை எழுதி, கீழே புள்ளி வைத்து, தனக்கென்று ஓர் எழுத்தை உண்டாக்கியிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டுக்குப் போய் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். புள்ளிகளை மட்டும் அடையாளம் கண்டுகொள்ள எனக்குத் தெலுங்கு வேண்டியிருக்கவில்லை. பார்த்த வரையில் ஒரு புள்ளியும் இடம் மாறவில்லை.

எந்தப் பிரதியையும் நான் இவ்வளவு நெருங்கி வாசித்ததில்லை.

இப்போது தெலுங்கு அரிச்சுவடி வாங்கியிருக்கிறேன். உயிரெழுத்து முடிந்திருக்கிறது.