பழையன கூடிப் புதியதாயின்

ஜேர்மனியரான எர்வின் ஜெம்மர் 1950களில் ஒரு பூச்சு முறையைக் கண்டார். நுண்துளைத் தட்டொன்றின் கீழிருந்து வளியைச் செலுத்த, மேலுள்ள பிளாத்திக்குத் தூள் கொதிநீர்போற் குமிழும். சூடாக்கிய உலோகப் பொருளை அதில் அமிழ்த்தினால், தூள் உருகித் தோலாகப் படியும், கரைப்பான் வேண்டியதில்லை. 1958இல் அமெரிக்க ஆக்கவுரிமையும் கிடைத்தது.

ஆயின், இதில் அவருக்கே உரியது யாது? வளியால் துகள்களை மிதக்கச் செய்வதை 1920களிலேயே விங்கிளர் நிலக்கரியிற் காட்டியிருந்தார். செஞ்சூடான வார்ப்பிரும்பிற் கண்ணாடித் தூளைத் தூவி எனாமல் பூசுவதும் பழைய தொழிலே. ஆக்கவுரிமைப் பிணக்குகள் பிறப்பது இவ்விடத்திற்றான்.

கண்டபின் எதுவும் எளிதாகவே தோன்றும். அவ்விரண்டையும் பிறர் முன்பே ஏன் இணைக்கவில்லை என்பதே நீதியான வினா. எனினும் வெப்பமும் வளியும் எவர்க்கும் உடைமையல்ல. இணைத்தவர்க்கு உரியது எல்லையுள்ள உரிமையே. அன்றைய அமெரிக்கச் சட்டம் வகுத்த எல்லை 17 ஆண்டுகள்.