முகம் மூடுற மாஸ்க் வாங்கலாமா?

அந்தமான்ல நார்த் பே, எலிஃபன்ட் பீச்னு எங்க போனாலும் இப்போ முகம் முழுக்க மூடுற ஸ்நார்க்கல் மாஸ்க்தான் கண்ணுல படுது.

டெகாத்லான் 2014ல இறக்குன ஈஸிபிரீத்தான் இதுக்குப் பேர் வாங்கிக் குடுத்துச்சு.

"மாமா, எனக்கும் ஒண்ணு"ன்னு தங்கச்சி பையன் கேக்குறான்.

நல்ல பொருள்தான்.
குழாயைக் கடிக்க வேணாம். மூக்காலயே மூச்சு விடலாம். அகலமா தெரியும்.
கடலுக்குப் பயப்படுற எங்க அம்மா கூட மிதந்துகிட்டே பவளம் பாக்கலாம்.

ஆனா இவன் தீவுல வளர்ந்த பையன்.
கிளிமீனைக் கண்டா முங்கிடுவான்.

ரெண்டு மூணு மீட்டர் இறங்கினாலே காது அழுத்தும். மூக்கைப் பிடிச்சு ஊதினாதான் விடும். இந்த மாஸ்க் பெரும்பாலானதுல மூக்கைப் பிடிக்கவே வழியில்ல.

மலிவு நகல் இன்னும் மோசம். வால்வு சரியில்லன்னா விட்ட மூச்சையே திரும்ப இழுக்கணும். நடுக்கடல்ல தலை சுத்தினா என்ன பண்றது? அதை நினைச்சாலே எனக்கு நெஞ்சு படபடங்குது.

அவனுக்குப் பழைய மாதிரி மாஸ்க்கும் குழாயும்தான். முடிவு பண்ணிட்டேன்.

அம்மாவுக்கு மட்டும் நல்லதா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்.
வச்சிருக்கவங்க சொல்லுங்களேன், அலை கொஞ்சம் கூடினா மூச்சு முட்டுதா?