விதைக்கென்று விடப்பட்ட பூ



சனிக்கிழமை மாலைதோறும் நம் ஆலயத்தின் பலிபீடத்திற்குப் பூக்கள் கொண்டுவருகிறீர்கள். செடியில் எது பெரிதோ, எது நிறம் நிறைந்ததோ, அதையே பறித்து வருகிறீர்கள். நல்ல வழக்கம் அது. இந்த வாரம் அதற்கு மாறான ஒன்றை உங்களிடம் கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் நோயின்றிச் செழித்திருக்கும் ஒரு செடியைத் தெரிந்துகொண்டு, அதன் திரட்சியான பூக்களில் சிலவற்றைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள்.

விதைக்கு வேண்டுமென்றால் நாம் பெரும்பாலும் மிச்சத்தைத்தான் விடுகிறோம். பறித்துப் பறித்து ஓய்ந்தபின், செடி சோர்ந்த நிலையில் பூத்த சிறு பூக்கள் விதைக்கு என்று நிற்கும். அவற்றின் விதை பதராயிருப்பதில் வியப்பில்லை. முதற்பூக்களை விடுவதற்கோ மனம் வருவதில்லை. விதைக்கு விட்ட செண்டுமல்லி செடியிலேயே பழுப்பேறித் தலைகவிழும். பார்ப்பவர்களுக்கு அது கவனிப்பாரற்ற செடியாகத் தோன்றும். காய் பிடிக்கத் தொடங்கியதும் புதிய மொட்டுகளும் குறையும். கோதுமை மணியைப் பற்றி நம் ஆண்டவர் பேசியதை நாம் அடிக்கடி தியானிக்கிறோம். அந்த மணி உண்டாவதற்கு முன்னரே ஒரு பூ வாடியிருக்க வேண்டும் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

செய்முறை எளியது. செண்டுமல்லியின் அடிப்பாகத்தில் பச்சை முற்றிலும் மறைந்தபின் இதழ்களைப் பிடித்து இழுத்தால், ஊசிபோன்ற கரிய விதைகள் கையோடு வரும். கோழிக்கொண்டையைக் காகிதத்தின்மேல் தட்டினால் போதும். காசித்தும்பைக்குப் பொறுமை வேண்டும். முற்றிய காய் தொட்டவுடன் வெடித்துச் சிதறும் என்பதால் மெல்லிய துணியை முன்னதாகவே கட்டிவிடுங்கள். கனகாம்பரத்தின் காய்ந்த காயோ நீர்த்துளி பட்டதும் வெடிக்கும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னரே எடுத்துவிட வேண்டும். ஆனால் ‘டெல்லி கனகாம்பரம்’ விதை பிடிக்காத வகை. அதைத் தண்டு வெட்டியே பெருக்க வேண்டும். நம் கீரமங்கலம் பக்கத்து மல்லிகையையும் முல்லையையும் பதியன் போட்டோ தண்டு நட்டோதான் வளர்க்கிறார்கள். கடையில் வாங்கிய கலப்பின விதையில் வளர்ந்த செண்டுமல்லியிலிருந்து விதை எடுத்தால், மறுமுறை தாயைப் போலவே பிள்ளை இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தியாவில் ஊழியம் செய்த வில்லியம் கேரியை நீங்கள் வேதாகம மொழிபெயர்ப்பாளராக அறிவீர்கள். அவர் தோட்டக்காரரும்கூட, 1820இல் வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கம் ஒன்றை இந்தியாவில் நிறுவியவர். இங்கிலாந்திலிருந்து விதைகள் வந்த பையை, ஒரு துகளும் வீணாகாதிருக்கும்படி, செராம்பூர்த் தோட்டத்தில் நிழலான ஓரிடத்தில் அவர் உதறினார். சில நாட்களில் அங்கே ஒரு டெய்சிச் செடி முளைத்திருந்தது. இங்கிலாந்தின் புல்வெளிகளில் யாரும் விதைக்காமலே பூக்கும் எளிய வெள்ளைப் பூ அது. 1793இல் இந்தியா வந்த கேரி அதன்பின் தாய்நாடு திரும்பவேயில்லை. அந்தப் பூவை மீண்டும் காண்போம் என்றும் அவர் எண்ணியிருக்கவில்லை. அவர் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்வதோடு பலரும் கதையை நிறுத்திவிடுவார்கள். என் மனம் நிற்பதோ அதற்குப் பின் நடந்ததில். அங்கே பல ஆண்டுகள் வாழும் அந்தச் செடியை வங்காளத்தில் ஓராண்டுச் செடியாகவே வளர்க்க முடிந்தது. எனவே ஒவ்வொரு பருவத்திலும் விதை எடுத்து, காத்து, மறுபருவத்தில் விதைத்தே அதை அவர் நிலைக்கச் செய்தார். அத்தனை வேலைகளுக்கிடையே, ஒரு சிறு பூவுக்காக!

ஆயினும் காப்பது மட்டும் போதாது. 2018 நவம்பர் 16ஆம் தேதியை நம் மாவட்டத்தில் யார் மறக்க முடியும்? கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த அந்த இரவில், நம் சபையின் மூத்த தாயார் ஒருவரின் வீட்டு ஓடுகளும் பறந்தன. மாமியார் காலத்திலிருந்து அவர் காத்துவந்த செந்நிறக் காசித்தும்பை விதைகள் அலமாரியிலேயே நனைந்து பூஞ்சணம் பிடித்தன. “ஓட்டை மாத்திக்கலாம் ஐயா, விதைக்கு எங்க போவேன்?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பதில் தை மாதத்தில் திருச்சியிலிருந்து ஒரு தபால் உறையில் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் திருமணமாகிப் போன ஒரு பெண்ணுக்கு அவரே ஒரு பிடி கொடுத்திருந்தார். அதைக் கொடுத்ததுகூட அவர் நினைவில் இல்லை.

திருத்துறைப்பூண்டியில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் இதை ஒரு முறையாகவே வைத்திருந்தார். பாரம்பரிய நெல் 2 கிலோ பெற்றுச் செல்பவர் மறுஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதை ஒரே வீட்டில் தங்காதிருக்க அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பூவுக்கும் அது பொருந்தும். எங்களைப் போன்ற போதகர்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை தோட்டத்தை விட்டுப் பெட்டியோடு கிளம்புகிறவர்கள். பணிமாற்ற உத்தரவு வரும்போது செடியைத் தூக்கிச் செல்ல முடியாது. போதகர் இல்லத்துச் செடிகளின் விதைகளில் ஒரு பங்கை அடுத்து வருபவருக்காக அங்கேயே வைக்கப்போகிறேன். மற்றவை உங்களுக்கு.

அறுப்பின் பண்டிகைக்கு வரும்போது உங்கள் விதைகளையும் கொண்டுவாருங்கள். நிழலில் நன்றாக உலர்த்தி, காகிதப் பொட்டலத்தில் மடித்து, பூவின் பெயர், நிறம், எடுத்த மாதம் ஆகியவற்றை மேலே எழுதுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். சிறிது ஈரம் இருந்தாலும் உள்ளே வியர்த்துக் கெட்டுவிடும். செந்நிறக் காசித்தும்பை வேண்டுவோர் அந்தத் தாயாரிடம் கேளுங்கள். என்னிடம் இருப்பது வெள்ளை மட்டுமே.