மஞ்சள் நீரும் மகவேற்பும்

பிறர் துணையின்றி ஒரு பிள்ளையை மகவாக ஏற்பது யாழ்ப்பாணத்தில் என்றுமே எளிதன்று. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்து முடித்த தேசவழமை, பிள்ளையில்லாதோர் தம் உரித்தாளரின் சம்மதத்தைக் கேட்டுப் பெற்று, சாட்சிகள் முன்னிலையில் மஞ்சள் நீர் அருந்த வேண்டுமென விதித்தது. சுற்றத்தாரின் இசைவே அன்று பத்திரமாயிற்று.

1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச்சட்டம் அவ்விடத்தில் நீதிமன்றின் கட்டளையை நிறுத்தியது. இன்று பிறப்புப் பதிவு வேண்டும். பெற்றோர் இருப்பின் அவர்தம் சம்மதம் வேண்டும். பத்து வயதைக் கடந்த பிள்ளையாயின் அதன் சம்மதமும் வேண்டும். 1995 இன் பெரும் இடப்பெயர்விலும் பின்வந்த போரிலும் பத்திரங்களை இழந்தோர்க்கு, தமது திருமணப் பதிவின் பிரதியைத் தேடியெடுப்பதே முதற் பாடாகும்.

சட்டத்தரணியின் கட்டணத்திற்கும் பிரயாணச் செலவிற்கும் உதவி கேட்பது இழிவன்று; பிள்ளைக்கு விலை கொடுப்பதே இழிவு. நீதிமன்றின் அனுமதியின்றி மகவேற்பின் பொருட்டுப் பணம் கைமாறுவதைச் சட்டமும் தடுக்கின்றது. வெட்கத்தால் வாய்திறவாதவரே தரகரிடம் சிக்க நேரும். விண்ணப்பத்தை வாசித்து விளக்கவும் மன்றுவரை உடன்செல்லவும் ஓர் அயலவர் முன்வருவாராயின், அன்று சுற்றத்தார் ஆற்றிய கடமையை இன்று அவர் ஆற்றியவராவார்.