பவளத் தொட்டிக்கு ஒரு விளக்கு

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவழியில் வரக்காப்பொலவைக் கடப்போர் பலர், தலகுலி வாங்குவதற்காகவே இங்கு சற்று நேரம் வண்டியை நிறுத்துவர். எள்ளும் கருப்பட்டியும் சேர்ந்த அவ்வினிப்பைத் தவிர, எமது ஊரில் அவர்கள் கண்ணிற் படுவன கடைத்தெருவும் றப்பர் மரங்கள் செறிந்த குன்றுகளுமே. கடலைக் காண வேண்டுமாயின் நாம் நீர்கொழும்புக்கோ கொழும்புக்கோ தான் செல்லுதல் வேண்டும். இத்தகைய ஊரில், எமது வீட்டு முன்னறையில், கடலின் ஒரு சிறு துண்டை வைத்துப் பேண நாம் துணிந்தோம். அத்துணிவு எமக்குக் கற்பித்த பாடத்தையே ஈண்டு எழுதுகிறோம்.

தொட்டி வைக்க வேண்டுமென்ற ஆவல் பத்தாம் வகுப்பிற் பயிலும் எமது மகனுக்கே முதலில் எழுந்தது. பாடசாலைச் சுற்றுலாவில் இக்கடுவைக்குச் சென்று, அடியிற் கண்ணாடி பதித்த படகிலிருந்து பவளப் பாறைகளைக் கண்டு வந்த நாள்முதல் அவனுக்கு வேறு பேச்சில்லை. பாறைகளிற் பெரும்பகுதி இறந்து கிடந்ததாகவும் அவன் வருந்திக் கூறினான். 1998ஆம் ஆண்டிற் கடல்நீர் அளவுமீறிச் சூடேறியபோது, இக்கடுவை உட்பட எமது தீவின் பல பவளத்திட்டுகள் வெளிறி மடிந்தன. அந்த அழிவிற்குத் தப்பிப் பிழைத்தவற்றுள் ஒன்றையேனும் உடைத்து எடுத்து வருவது பெரும் பாவம், சட்டத்திற்கும் மாறு. கல்லாக வளரும் பவளங்கள் இலங்கையிற் சட்டத்தாற் காக்கப்பட்டவை. ஆகவே, கொழும்பிலுள்ள நண்பர் ஒருவரின் தொட்டியிலேயே பிறந்து பெருகிய காளான் பவளங்கள் இரண்டை மட்டும் பெற்றுக்கொள்வதெனத் தீர்மானித்தோம். இவை கல்லெலும்பு அற்றவை. வட்டத் தட்டுப்போல் விரிந்து பாறையில் ஒட்டி வாழ்பவை.

தொட்டியின் நீளம் 60 சென்ரிமீற்றர், அகலம் 45, உயரம் 40. கொள்ளளவு ஏறத்தாழ 108 லீற்றர். கண்ணாடியும் நீரோட்டப் பொறியும் வாங்கியபின் எமது கையில் எஞ்சியது சிறு தொகையே. அதில் விளக்கு வாங்க வேண்டும். இங்கேதான் இடறி விழுந்தோம்.

கடைக்காரர் ஒருவர் மஞ்சள் கலந்த வெள்ளொளி வீசும் மலிவான விளக்கொன்றைக் காட்டினார். அதனை ஏற்றியதும் தொட்டி பொன்னிறமாய்ப் பொலிந்தது. அயலார் வந்து பார்த்து வியந்தனர். நாமும் மகிழ்ந்து போனோம். மூன்று வாரங்களில் பாறையெங்கும் பாசி படர்ந்தது. காளான் பவளங்களோ, எதையோ தேடுவனபோல் மேல்நோக்கி நீண்டு கிண்ணமாய்க் குவிந்தன. ஒளி போதவில்லை என்பதற்கு அதுவே அடையாளம் என்று பின்னரே அறிந்தோம்.

தவறு நேர்ந்தமைக்குக் காரணம் இதுதான். பவளத்தின் உடலினுள்ளே கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைக்கல நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும்பகுதியைத் தமக்கு இடங்கொடுத்த பவளத்திற்கே அளிக்கின்றன. கடலுக்குள் இறங்க இறங்கச் செந்நிற ஒளி முதற் சில மீற்றர்களிலேயே மங்கிவிடும். நீலமே ஆழம்வரை செல்லும். அதற்கேற்பவே இந்நுண்பாசிகளும் 420 முதல் 480 நனோமீற்றர் வரையுள்ள நீல ஒளியை நன்கு பயன்கொள்கின்றன. மனிதக் கண்ணோ 555 நனோமீற்றர் அளவிலுள்ள பசுமஞ்சள் ஒளியையே மிகப் பிரகாசமாய் உணரும். எமது கண்ணுக்குப் பேரொளியாய்த் தோன்றிய விளக்கின்கீழ் அவ்வுயிர்கள் அரைப்பட்டினி கிடந்தன. கைத்தொலைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் ‘லக்ஸ்’ கணக்கும் மனிதக் கண்ணை அடிப்படையாகக் கொண்டதே. நீல ஒளியை அது குறைத்தே காட்டும்.

இதனையறிந்த மகன், தான் சேமித்த பணத்தையும் சேர்த்து, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய 50 வாற்று நீல எல்.ஈ.டி. விளக்கொன்றை வாங்கி வந்தான். செய்த பிழைக்கு உடனே ஈடுசெய்ய வேண்டுமென்ற அவசரத்தில், முதல் நாளே அதனை முழு வலுவில் ஏற்றினோம். ஐந்தாம் நாள் பவளங்களுள் ஒன்று சுருங்கி வெளிறிற்று. பத்தாம் நாள் அது பாறையிலிருந்து கழன்று கரைந்து போயிற்று. அளவுக்கு மிஞ்சிய ஒளியும் பவளத்திற்கு நஞ்சே. அப்போது அது தன்னுள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறும். இக்கடுவையில் வெப்பம் செய்ததை, எமது முன்னறையில் எமது அவசரம் செய்தது. அன்றிரவு மகன் உணவு கொள்ளவில்லை.

எமது தாயார் றப்பர்த் தோட்டத்து லயத்திலே பிறந்து வளர்ந்தவர். அதுவரை இவ்விடயத்தில் வாய் திறவாதிருந்த அவர், பேரனை அருகழைத்து, “ஏஞ்சாமி, இந்த வெளக்கு நம்ம பாக்கிறதுக்கா, அது பொழைக்கிறதுக்கா?” என்று கேட்டார். பின்னர், தமது சிறுபிராயத்தில் லயத்து அறையில் ஒரே ஒரு குப்பி விளக்கு இருந்ததையும், பிள்ளைகள் ஐவரில் அன்று எவருக்குப் படிப்பு இருந்ததோ அவர் பக்கமே அது வைக்கப்பட்டதையும் கூறினார். எண்ணெய் அதிகம் வாங்க வழியில்லை. ஆனால் விளக்கு யாருக்கு என்பதில் ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லையாம்.

அக்கேள்வியை மனத்திற்கொண்டு, மறுநாள் தாளும் எழுதுகோலுமாய் அமர்ந்தோம். எந்த உயிரை வளர்க்கப் போகிறோம் என்பதை முதலில் எழுதினோம். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை, ஒரு சதுர மீற்றரில் ஒரு வினாடிக்கு விழும் மைக்ரோமோல் கணக்கில் அளப்பர். கிளைவிடும் கல்பவளங்களுக்கு அது 200 முதல் 350 வரை வேண்டும். காளான் பவளத்திற்கு 50 முதல் 100 வரை போதும். ஆகவே குறைந்த ஒளியில் வாழும் உயிரைத் தெரிவதே சிக்கனத்தின் முதற்படி. அதற்குப் பெரிய விளக்கு வாங்குவது வீண் செலவு மட்டுமன்று, கேடுமாகும்.

அடுத்து மின்கட்டணம். நீரோட்டப் பொறி உட்பட எமது இல்லத்தின் மாதச் செலவு 75 அலகு. பழைய முறையிலான 150 வாற்று மெற்றல் ஹேலைட் விளக்கை நாளொன்றுக்கு 9 மணி நேரம் ஏற்றினால் மாதம் 40 அலகுக்கு மேல் ஆகும். நீரையும் அது சூடாக்கும். 24 வாற்று டி5 குழல் விளக்குகள் நான்கிற்கு ஏறத்தாழ 26 அலகு; குழல்களையும் ஆண்டுக்கொருமுறை மாற்றுதல் வேண்டும். எமது 50 வாற்று எல்.ஈ.டி. முழு வலுவில் எரிந்தாலும் 13½ அலகே. எமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையாய் ஏறுவது. 90 அலகைக் கடந்தால் மேற்படிக்குச் செல்லும். எல்.ஈ.டி. ஒன்றே எம்மை 90இற்குள் நிறுத்தியது. 2022 ஓகஸ்டிற் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் உயர்ந்ததை மறந்தோர் எவருமிலர். பின்னர் குறைக்கப்பட்டதும் உண்டெனினும், விளக்கின் விலையை ஒருமுறையும் அதன் மின்சாரத்தை மாதந்தோறும் செலுத்துகிறோம் என்பதை அந்நாட்கள் நன்கு உணர்த்தின.

கூரையிற் கண்ணாடி ஓடு பதித்து, செலவில்லாச் சூரிய ஒளியைப் பெற்றால் என்ன என்றும் எண்ணினோம். சில நாட்கள் தொட்டியைச் சாளரத்தருகே வைத்தும் பார்த்தோம். நண்பகலில் நீர் 30 பாகை செல்சியசைக் கடந்தது. மழைக்காலத்திலோ நாட்கணக்கில் வெயிலே இல்லை. அவ்வெண்ணத்தைக் கைவிட்டோம்.

இறுதியில், இருந்த விளக்கையே நீரின் மேற்பரப்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிட்டு, வலுவை 20 சதவீதமாய்க் குறைத்தோம். வாரந்தோறும் 5 சதவீதம் கூட்டி, எஞ்சிய பவளம் தட்டையாய் விரிந்த நாளில் நிறுத்திக்கொண்டோம். அது 40 சதவீதத்தில் நிகழ்ந்தது. பவளத்தைத் தொட்டியின் அடிப்பகுதியிலேயே இருத்தினோம். நேரங்காட்டி ஆளியொன்று பகல் 12 மணிக்கு விளக்கை ஏற்றி இரவு 9 மணிக்கு அணைக்கிறது. மின்கம்பி தொட்டியைவிடத் தாழ வளைந்து மேலேறிச் செருகியை அடையுமாறு அமைத்தோம்; கம்பிவழி வடியும் உப்புநீர் செருகிக்குட் புகாது. ட்ரிப் சுவிட்சு என வழங்கும் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாத வீட்டில் இத்தகைய தொட்டி வைத்தலாகாது. பழைய விளக்கு வாங்குவோர், ஒவ்வொரு நிற ஒளியும் எரிகிறதா, விசிறி சுழல்கிறதா என்பதைச் சோதித்தபின் பணங்கொடுக்க.

இன்னொன்றும் கூற வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட காலத்தை நினைந்து, விளக்கிற்கும் மின்கலம் வேண்டுமா எனப் பலர் எம்மைக் கேட்பர். வேண்டியதில்லை. பவளம் இரண்டொரு நாள் இருளைத் தாங்கும். காற்றின்றேல் மீன் சில மணி நேரமும் தாங்காது. மின்கலம் வாங்கப் பணமிருப்பின் காற்றுப்பொறிக்கே முதலில் வாங்குக.

அப்பொன்னிற வெளிச்சம் இப்போது எமது முன்னறையில் இல்லை. மங்கிய நீலம் மட்டுமே உண்டு. வருவோர் சிலர், “ஏன் இவ்வளவு இருட்டாக வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்கின்றனர். எஞ்சிய அந்த ஒற்றைப் பவளத்தின் அடியிற் சென்ற மாதம் சிறு பொத்தானளவில் ஒரு குஞ்சு முளைத்திருக்கிறது. கேட்போரை மகன் தொட்டியருகே அழைத்துச் சென்று, குனியச் சொல்லி, அதனைக் காட்டுகிறான். தாயாரும் நாள்தோறும் மாலையில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டே அடுக்களைக்குச் செல்கிறார்.