பிள்ளை திரும்பப்போகும் வீடு



தலையிலோ முதுகிலோ அடிபட்ட பிள்ளை ஐ.சி.யு.வைத் தாண்டி வார்டுக்கு வந்ததும், ‘அடுத்து எங்கே சேர்ப்பது?’ என்ற பேச்சு தொடங்கிவிடும். சென்னையா வேலூரா, புது மெஷின் எங்கே இருக்கிறது, எந்த டாக்டருக்குப் பெயர் என்று சொந்தபந்தமெல்லாம் கூடி விசாரிக்கும். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த இடம் பெற்றவர்களையும் உள்ளே விட்டு, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிய பிறகும் கூட வருமா? மறுவாழ்வு மையத்தைத் தேர்வு செய்ய இதையே முதல் அளவாகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

நான் வாழும் இங்கிலாந்து இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. 1950களின் தொடக்கத்தில் இங்கே பல மருத்துவமனைகளில் பெற்றோர் பிள்ளையைப் பார்ப்பதற்கே கடும் கட்டுப்பாடு. தாய் வந்துபோனால் குழந்தை அழும், வார்டு கலங்கும் என்றார்கள். 1952-இல் சமூகப் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே இருந்த இரண்டு வயதுச் சிறுமி நாளுக்கு நாள் ஒடுங்கிப்போவதைப் படமெடுத்துக் காட்டினார். 1959-இல், மருத்துவமனையில் குழந்தைகள் நலம் பற்றி ஆராய்ந்த பிளாட் குழு, பெற்றோர் தடையின்றி வரலாம், சிறு குழந்தையோடு தாய் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. நம் காஞ்சிபுரத்தில் தாயை யாரும் வெளியே நிறுத்துவதில்லை; கட்டிலுக்கடியில் பாய் விரித்தாவது அவள் இருப்பாள். இருந்தும், மாத்திரை வாங்கிவரவும் ஸ்கேனுக்குத் தள்ளிப்போகவும் மட்டுமே பெரும்பாலும் அவளைக் கூப்பிடுகிறார்கள். பிள்ளையை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எந்த அளவுக்குக் கைகொடுத்து எப்போது விலகுவது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் குறைவு.

சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. தலைக்காயம் பட்ட 5 முதல் 12 வயது வரையான 87 குழந்தைகளை அங்கே இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நிபுணர்களே பயிற்சி தந்தார்கள். இன்னொன்றில் நிபுணர்கள் பெற்றோரைப் பழக்கினார்கள்; பெற்றோர் வீட்டில் அன்றாட வேலைகளோடு சேர்த்துப் பயிற்சியைச் செய்ய வைத்தார்கள். 2005-இல் முடிவு வெளியானது: ஓராண்டுக்குப் பின் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது குடும்பப் பிரிவில்தான். இதில் வியப்பில்லை. பிசியோதெரபிஸ்டிடம் பிள்ளை இருப்பது ஒரு மணி நேரம். பல் தேய்ப்பதும் சட்டை மாட்டுவதும் சோறு பிசைவதும் தம்பியோடு மல்லுக்கட்டுவதும் நாள் முழுக்க நடக்கின்றன.

இதற்கு வலுவான மறுப்பும் இந்தியாவிலிருந்தே வந்திருக்கிறது. பக்கவாதம் வந்த 1250 பேரை வைத்து 14 மருத்துவமனைகளில் நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017-இல் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்தும் ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இதை மறைத்துவிட்டு என் கட்சியைப் பேசுவது நேர்மையில்லை. அவர்கள் பெரியவர்கள், நோயும் வேறு என்பது உண்மைதான். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அங்கே பயிற்சி டிஸ்சார்ஜை ஒட்டிய சில நாட்களில் தொடங்கி இரண்டே மாதம் வரை நீடித்தது. பிரேசிலில் நிபுணர்கள் ஆண்டு முழுக்கக் கூடவே இருந்தார்கள். ஆக, பொறுப்பைத் தாய் தலையில் கட்டிவிட்டு மையம் விலகிக்கொள்வதற்கு என் வாதத்தை யாரும் சாக்காக்கக் கூடாது.

குடும்பத்தையும் சேர்த்துப் பழக்கும் இடம் நம் பக்கத்திலேயே உண்டு. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் முயற்சியால் 1966-இல் வேலூர் பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மறுவாழ்வு மையம் பிறந்தது. நோயாளியோடு குடும்பத்தார் தங்கிப் பழகிக்கொள்வது அங்கே சிகிச்சையின் பகுதி. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. எங்கே போனாலும் வீட்டின் போட்டோவும் வாசல் அகலமும் கையோடு போகட்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளி வீட்டில் நிலைப்படி உண்டு. கூடத்திலேயே தறிக்குழி உண்டு. வழவழத்த தளத்தில் நடக்கப் பழகிய பிள்ளை இங்கே எப்படி நடமாடும் என்று அவர்களே கேட்டால், அது நல்ல இடம்.

‘பெற்றோர் இருவரில் ஒருவர் பிள்ளையோடு உட்கார்ந்தால் தறி என்ன ஆவது?’ இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் கனமானது. கரையைத் தனியே கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டாவது ஆள் வேண்டும். கூலியோ புடவைக் கணக்கில். அதனால்தான் தூரத்து மையத்தில் மாதக்கணக்கில் கிடப்பதைவிட, சில வாரம் தங்கிக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, பக்கத்தில் தொடர்வது மேல் என்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பிள்ளைகளுக்கும் அது வரும்படி கேட்டு வாங்குங்கள். கூலி இழப்புக்கு அது ஈடாகாது. கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. அது ஊனத்தின் அளவு பார்த்துத் தரப்படுவது. தேறிவரும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தேறும் மாதங்களுக்கென்று தனியாக ஓர் உதவி வேண்டும். அரசு அதை யோசிப்பதற்குள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களாவது, அப்படிப்பட்ட வீட்டுத் தறிக்குக் கெடுவைத் தள்ளிவைத்து, முன்பணம் தரலாம்.