வால் விசிறி

பள்ளி நாள்களில், வெள்ள நிவாரணப் பொருள்களுடன் எங்கள் ஊர்த் திடலில் உலங்கு வானூர்தி ஒன்று இறங்கியது. வியப்புடன் அதன் பின்புறமாக ஓடிய என்னைக் காவலர் ஒருவர் தோளைப் பற்றி இழுத்தார். விரைந்து சுழன்ற வால் விசிறி என் கண்ணுக்குப் புலப்படவேயில்லை.

மேலுள்ள சுழலி ஒருபுறம் சுழல, ஊர்தியின் உடல் மறுபுறம் திரும்ப முயலும். அதைத் தடுப்பதே வால் விசிறி என்பதைப் பின்னாளில் அறிந்தேன். 1968இல் பிரான்சில் பறந்த ஊர்தியொன்றில் அவ்விசிறியை வளையக் கூட்டுக்குள் அமைத்தனர். அருகில் நிற்போருக்கு அது காப்பாயிற்று. கூட்டின் வளைந்த விளிம்பில் காற்று விரைந்து நுழைகையில் அங்கே அழுத்தம் குறைகிறது. அதனால் விளிம்பும் உந்துவிசை தருகிறது. இன்று அக்காற்றைப் பல இலட்சம் நுண்கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் வேகத்தையும் அழுத்தத்தையும் கணினி கணக்கிடுகிறது.

காணாததைக் காட்டும் அப்படங்களைப் பார்க்குந்தோறும், என் தோளைப் பற்றிய அந்தக் கை நினைவுக்கு வருகிறது.